சார்லி வாட்ஸ் அப்படி என்னதான் வாசித்துவிட்டார்?

மார்ச் 4, மாலை
வாசகர் ஒருவரின் கேள்வி

“இங்கிலாந்து ராக் பேண்ட் ரோலிங் ஸ்டோன்ஸின் முக்கியமான பாட்டெல்லாம் கேட்டாயிற்று. டிரம்ஸில் ஒன்றுமே இல்லை. நீளமான ரோல் கிடையாது, சோலோ கிடையாது, ரெண்டு பேஸ் டிரம் கிடையாது. ஜான் போன்ஹாம், கீத் மூன், நீல் பியர்ட் எல்லாம் இருக்கும்போது சார்லி வாட்ஸ் எப்படிப் பெரிய டிரம்மர் ஆனார்? பெரிய பேண்டில் உட்கார்ந்திருந்ததால் கிடைத்த பெயர்தானே? கொஞ்ச நாள் பழகிய யாரும் அதை வாசித்துவிடலாம்.”

மார்ச் 4, இரவு

வாசித்துவிட முடியாது. நான் மெல்லிசைக் குழுவில் பல வருடம் டிரம்ஸ் வாசித்தவன், கோயில் திருவிழா, கல்யாணம், காலேஜ் விழா எல்லாம் பார்த்தவன். சார்லியின் பீட் ஒன்றை அப்படியே வாசிக்க உட்கார்ந்தபோதுதான் என் வலது கை எவ்வளவு பிடிவாதமானது என்று தெரிந்தது.

டிரம்ஸ் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரண ராக் பீட்டில் வலது கை ஹைஹாட்டில், அதாவது காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டில், ஒரே சீராக எட்டு அடி அடிக்கும்: ஒண்ணு-அண்ட்-ரெண்டு-அண்ட்-மூணு-அண்ட்-நாலு-அண்ட். இடது கை ரெண்டிலும் நாலிலும் ஸ்நேரில், அதாவது முன்னால் இருக்கும் பளிச்சென்று ஒலிக்கும் சின்ன டிரம்மில், விழும். அந்த இரண்டு இடத்திலும் ஹைஹாட்டும் ஸ்நேரும் சேர்ந்தே ஒலிக்கும். உலகத்தில் முக்கால்வாசி டிரம்மர்கள் இப்படித்தான் வாசிக்கிறார்கள். நானும் அப்படித்தான்.

சார்லி அந்த ரெண்டிலும் நாலிலும் ஹைஹாட்டை அடிக்க மாட்டார். வலது கை மேலே எழும்பி நிற்கும், ஸ்நேர் தனியாக விழும், மறுபடி கை இறங்கும். அவருடைய எந்த மேடை வீடியோவையும் எடுத்து வலது மணிக்கட்டை மட்டும் பாருங்கள். யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல மேலே போய் வரும். அடுத்த கணம் ஸ்நேர் எவ்வளவு பளிச்சென்று விழுகிறது என்று கேளுங்கள். ஒன்றை விட்டதால் இன்னொன்று பெரிதாகிறது.

கேட்க ஒன்றுமில்லை என்று நீங்கள் நினைத்த இடம் இதுதான். அவர் அங்கே எதையோ எடுத்திருக்கிறார்.

மார்ச் 5, காலை

நேற்று எழுதியதில் ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். இதை அவர் திட்டம் போட்டுக் கண்டுபிடித்த உத்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தான் அப்படி வாசிப்பதைத் தான் கவனித்ததே இல்லை என்றும், இன்னொரு டிரம்மர் ஜிம் கெல்ட்னர் சொல்லித்தான் தெரிந்தது என்றும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஸ்நேரை ஓங்கி அடிக்க வழிவிட்டுக் கை ஒதுங்குகிறது, அவ்வளவுதான் என்பது அவர் விளக்கம். இடது கைக் குச்சியை அவர் ஜாஸ்காரர்களைப்போல உள்ளங்கை மேலே பார்க்க, விரல்களுக்கு நடுவே விட்டுப் பிடிப்பார். ராக் டிரம்மர்கள் பலர் இரண்டு கையிலும் சுத்தியல் பிடி பிடிப்பார்கள். அந்த ஜாஸ் பிடியில் ஓங்கி அடிப்பது எளிதில்லை, அதனால் வலது கை விலகிக் கொடுத்திருக்கலாம்.

எப்படி வந்தது என்பதைவிட, வந்ததை அவர் மாற்றாமல் வைத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மார்ச் 5, இரவு

ஜாஸ் என்றேன். அங்கிருந்துதான் அவரைப் புரிந்துகொள்ள முடியும்.

1941 ஜூன் 2 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா ரயில்வேக்கு லாரி ஓட்டியவர். போரில் குண்டு விழுந்து வீடுகள் போன பகுதிகளில் அரசு தற்காலிக வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. வெம்பிளியில் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தார். பக்கத்து வீட்டுப் பையன் டேவ் கிரீன். பிற்காலத்தில் பேர் சொல்லும் ஜாஸ் பேஸ் கலைஞர் ஆனவர். இரண்டு பேரும் சின்ன வயதிலேயே ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்த்தார்கள். கடைசி வரைக்கும் அந்த நட்பு இருந்தது, சேர்ந்து வாசிக்கவும் செய்தார்கள்.

ஜெரி மல்லிகன் குவார்டெட்டின் “வாக்கிங் ஷூஸ்” என்ற தட்டு. அதில் டிரம்மர் சிக்கோ ஹாமில்டன் குச்சிக்குப் பதிலாகக் கம்பி பிரஷ்ஷால் வாசித்திருப்பார். அதைக் கேட்டுத்தான் டிரம்ஸ் ஆசை வந்தது என்று சார்லி சொல்வார். கையில் இருந்தது ஒரு பான்ஜோ. அதன் கழுத்தைக் கழற்றிவிட்டு, உருண்டையான உடம்பை ஸ்டாண்டில் வைத்து, பிரஷ்ஷால் தட்ட ஆரம்பித்தார். 1955 கிறிஸ்துமஸுக்குப் பெற்றோர் டிரம்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள்.

நம்மில் பலர் முதலில் ஆசைப்படுவது சத்தத்துக்கு. ஊர்த் திருவிழாவில் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க உருட்டுவதைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது. இந்த மனிதருக்கு பிரஷ்ஷின் உரசலைக் கேட்டு ஆசை வந்திருக்கிறது. தொடக்கமே வேறு.

மார்ச் 7

“‘யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்’ டிரம்ஸைக் கேளுங்கள், சார்லியின் உச்சம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அருமையான டிரம்ஸ், ஆனால் அது சார்லி இல்லை. அந்தப் பாட்டில் வாசித்தது தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். அந்த பீட் சார்லிக்குச் சரியாகப் பிடிபடவில்லை, மில்லர் உட்கார்ந்து காட்டினார், கடைசியில் அவரே வாசித்துவிட்டார். “ஹேப்பி” பாட்டிலும் மில்லர்தான். மற்றவர்கள் வந்து சேருவதற்குள் பேண்டின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் அதைப் பதிவு செய்துவிட்டார். 1974இல் வந்த “இட்ஸ் ஒன்லி ராக் அண்ட் ரோல்” பாட்டின் டிரம்ஸ் ஃபேஸஸ் பேண்டின் கென்னி ஜோன்ஸ்.

இதைச் சார்லியைக் குறைத்துச் சொல்லவில்லை. தன் நாற்காலியில் தயாரிப்பாளர் உட்கார்ந்து வாசித்த பாட்டை அவர் பிற்பாடு மேடையில் எத்தனையோ வருடம் வாசித்தார், மில்லரிடம் நிறையக் கற்றுக்கொண்டதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த மெல்லிசைக் குழுக்களில் வேறு ஒருவர் என் டிரம்ஸில் உட்கார்ந்தால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டோம்.

மார்ச் 8

இப்போது இரண்டாவது விஷயம். ஹைஹாட்டைவிடப் பெரிது இது.

எல்லா பேண்டிலும் மற்றவர்கள் டிரம்மரைப் பின்தொடர்வார்கள். ஸ்டோன்ஸில் டிரம்மர் கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டாரைப் பின்தொடர்வார். பேஸ் கிட்டார் வாசித்த பில் வைமன் இதை ரொம்பத் தெளிவாக விளக்கியிருக்கிறார்: கீத் முன்னால் போகிறார், சார்லி அவரைக் கேட்டு ஒரு மயிரிழை பின்னால் விழுகிறார், வைமன் கொஞ்சம் முந்திப் போகிறார். மூன்று பேரும் ஒரே புள்ளியில் இறங்குவதில்லை. எந்த நேரமும் கலைந்துவிடும்போல ஒரு ஆட்டம் இருக்கும், ஆனால் கலையாது.

“ஹாங்கி டாங்க் விமன்” பாட்டின் ஆரம்பத்தைப் போட்டுக் கேளுங்கள். 1969இல் வந்தது. முதலில் வரும் மணி ஜிம்மி மில்லர் தட்டியது. பிறகு சார்லி நுழைகிறார். மணியும் டிரம்ஸும் சரியாகப் பொருந்தவில்லை. பாட்டு போகப்போக வேகமும் கூடுகிறது. இன்றைக்கு ஒரு ஸ்டுடியோவில் இதைக் கொடுத்தால் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரில் போட்டு நேராக்கிவிடுவார்கள். நேராக்கினால் அந்தப் பாட்டு செத்துவிடும்.

இதை அனுபவித்துச் சொல்கிறேன். நான் மேடைக்கு வந்த காலத்தில் கிளிக், அதாவது காதில் டெம்போவை எண்ணிக் காட்டும் டிக் டிக் ஒலி, கிடையாது. பாடகரின் மூச்சைக் கேட்டு வாசித்தோம், டெம்போ கொஞ்சம் ஓடும், கொஞ்சம் தூங்கும், கீபோர்டுகாரர் திரும்பிப் பார்த்து முறைப்பார். பிறகு டிராக் வந்தது. காதில் கிளிக், லேப்டாப்பில் பாதி வாத்தியம். டெம்போ ஓடுவது நின்றது. அதோடு நான் பாடகரைக் கேட்பதும் நின்றது. சரணம் முடிகிற இடத்தில் பாடகி ஒரு சொல்லை இழுத்து நிறுத்த நினைத்தால் அவருக்காகக் காத்திருக்க என்னால் முடியாது, கிளிக் போய்க்கொண்டே இருக்கும். சார்லியை மறுபடி கேட்க ஆரம்பித்தபோது எனக்கு உறைத்தது இதுதான்: இந்த மனிதர் எண்ணிக்கை போடுவதைவிட அதிகமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கச்சேரி கேட்கிறவர்களுக்கு இது புதிதில்லை. நல்ல மிருதங்கக்காரரைப் பற்றி, பாட்டுக்கு வாசிக்கிறார் என்பார்கள். அதைத்தான் இவரும் செய்தார்.

மார்ச் 8, சற்று நேரம் கழித்து

“அப்படியானால் சார்லிக்கு டைமிங் சரியில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்” என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்.

இல்லை. “சாட்டிஸ்ஃபாக்‌ஷன்” கேளுங்கள், 1965. நாலு எண்ணிக்கையிலும் ஸ்நேர், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை. அலங்காரம் இல்லை. பல்லவி முடிகிற இடத்தில் எல்லோரும் நிறுத்திவிட, டிரம்ஸ் மட்டும் தனியாக நடந்து போகும். அங்கே ஒரு ஃபில், அதாவது இடைவெளியை நிரப்பும் சின்ன உருட்டல், போட்டிருக்கலாம், எந்த டிரம்மருக்கும் கை அரிக்கும். அவர் நடந்துகொண்டே இருக்கிறார். அதே வருடம் வந்த “கெட் ஆஃப் ஆஃப் மை கிளவுட்” நேர் எதிர். டிரம்ஸில்தான் பாட்டே ஆரம்பிக்கிறது, அதே ஃபில் திரும்பத் திரும்ப வந்து வரிகளுக்கு நடுவே முட்டுக்கொடுக்கிறது. அசையாமல் நிற்கத் தெரிந்தவர்தான் கிட்டாருக்காக அசைந்து கொடுத்தார்.

மார்ச் 10

“பெரிய பேண்டில் உட்கார்ந்திருந்ததால் கிடைத்த பெயர்” என்ற வரி மூன்று நாளாக உறுத்துகிறது. நடந்த வரிசை தலைகீழ்.

1962இல் சார்லிக்கு லண்டன் வட்டாரத்தில் பெயர் இருந்தது. ஹாரோ கலைப் பள்ளியில் படித்தவர், விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளர் வேலை, மாலையில் அலெக்ஸிஸ் கார்னரின் ப்ளூஸ் இன்கார்ப்பரேட்டட் குழுவில் டிரம்ஸ். ஈலிங் கிளப்பில் அந்தக் குழுவைப் பார்க்க வந்த பொடியன்கள்தான் ஸ்டோன்ஸைத் தொடங்கிய பாடகர் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ், பிரையன் ஜோன்ஸ். அவர்களிடம் காசு இல்லை. சார்லியோ சம்பளம் கிடைக்கும் நிகழ்ச்சிகளை விட்டு வரக்கூடிய நிலையில் இல்லை. அவரைக் கூட்டி வருவதற்காகச் சாப்பாட்டுச் செலவைக் குறைத்தோம் என்று கீத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1963 ஜனவரியில்தான் அவர் வந்து சேர்ந்தார்.

வந்தவர் ஜாஸ்காரர், ப்ளூஸ் அவ்வளவாகத் தெரியாது. ஈடித் குரோவில் அவர்கள் குடியிருந்த மோசமான வீட்டில், கீத்தும் பிரையனும் சிகாகோ ப்ளூஸ்காரர் ஜிம்மி ரீடின் தட்டுகளை ஓயாமல் போட்டுக் காட்டினார்கள். ரீடுக்கு டிரம்ஸ் வாசித்த எர்ல் ஃபிலிப்ஸ் எவ்வளவு கொஞ்சமாக வாசிக்கிறார் என்று அங்கேதான் காது திறந்ததாகச் சார்லி சொல்லியிருக்கிறார். சிகாகோவின் அடக்கமும் அமெரிக்க ஜாஸின் ஆட்டமும் இந்த ஒரு ஆளிடம் வந்து கலந்தன. ஸ்டோன்ஸின் பாட்டுக்கு ஜனங்கள் ஆடியது சார்லியின் ஸ்விங்கால்தான் என்பது என் தீர்மானமான எண்ணம்.

இன்னொன்று. இந்த இழையில் எல்லோரும் அவரை டிரம்மராக மட்டும் பேசுகிறோம். 1960 வாக்கிலேயே ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரைப் பற்றி ஒரு குட்டிப் படப் புத்தகம் வரைந்து வைத்திருந்தார். 1965இல் அது அச்சானது. 1967இல் வந்த “பிட்வீன் தி பட்டன்ஸ்” இசைத்தட்டின் பின்னட்டைக் கேலிச்சித்திரம் அவர் வரைந்தது. பிற்காலத்தில் பெரிய மைதானங்களுக்கான மேடை அமைப்பை மிக் ஜாகரோடு உட்கார்ந்து பார்த்தவரும் அவர்தான். 1975 சுற்றுப்பயணத்தை அறிவிக்க நியூயார்க் ஃபிஃப்த் அவென்யூவில் ஒரு திறந்த லாரியின் மேல் பேண்ட் வாசித்துக்கொண்டே வந்து நின்றது. பத்திரிகைக்காரர்கள் உள்ளே காத்திருந்தவர்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அந்த யோசனை சார்லியுடையது. பழைய ஜாஸ் குழுக்கள் வண்டியில் ஏறி வாசித்து விளம்பரம் செய்ததிலிருந்து எடுத்தார்.

மார்ச் 13

“எந்த டிரம் செட்?” கிரெட்ச். 1950களின் கடைசியில் செய்த மேப்பிள் மரச் செட். பேஸ் டிரம், மேலே ஒரு டாம், தரையில் நிற்கும் டாம், ஸ்நேர். எழுபதாயிரம் பேர் உட்காரும் மைதானத்திலும் ஏறக்குறைய அதே குட்டி செட்தான். பக்கத்தில் கீத்தும் ரானி வுட்டும் வரிசையாகக் கிட்டார்களை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

மார்ச் 16

செட் பற்றிச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. 1968இல் வந்த “ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்” பாட்டின் டிரம்ஸ் ஏன் அப்படி ஒரு விசித்திரமான, தகரத்தனமான வேகத்தோடு இருக்கிறது என்று பல பேருக்குத் தெரியாது. அது முறையான டிரம் செட் இல்லை. 1930களின் பயிற்சி செட் ஒன்று, மடக்கினால் சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடும், சார்லி பழைய சாமான் கடையில் வாங்கியது. கீத் அகூஸ்டிக் கிட்டார், சார்லி தரையில் அந்தப் பொம்மை செட், நடுவில் ஒரு பிலிப்ஸ் கேசட் ரெக்கார்டர். அந்தக் குட்டி இயந்திரம் சத்தம் தாங்காமல் திணறியதால் கிடைத்த ஒலிதான் பாட்டின் அடித்தளம். ஸ்டுடியோவில் அதன் மேல் மற்றதைச் சேர்த்தார்கள்.

டிரம்ஸுக்குப் பல லட்சம் செலவழிக்கத் துடிக்கும் தம்பிகள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

1971இல் வரி விவகாரத்தால் இங்கிலாந்தை விட்டு எல்லோரும் பிரான்ஸ் போனார்கள். வில்ஃப்ராஞ்ச் ஊரில் கீத் எடுத்த நெல்கோட் பங்களாவின் நிலவறையில்தான் “எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்” இசைத்தட்டின் பெரும்பகுதி உருவானது. வெக்கை, ஈரம், கிட்டார் சுருதி நிற்காது. கீத் எப்போது மாடியிலிருந்து இறங்கி வருவார் என்று யாருக்கும் தெரியாது. சார்லி குடும்பத்தோடு பல மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்தார்; வாரம் முழுக்க அங்கே தங்கிக் காத்திருப்பார். பேண்டில் 25 வருடம் ஆனபோது, அதில் வாசித்தது ஐந்து வருடம், சும்மா காத்திருந்தது இருபது வருடம் என்று அவர் சொன்னதற்குப் பின்னால் இப்படி எத்தனையோ நிலவறை இரவுகள் இருந்திருக்க வேண்டும். “டம்ப்ளிங் டைஸ்” கேட்டால் அந்தக் காத்திருப்பு வீண்போகவில்லை என்று தெரியும். கடைசிப் பகுதி மட்டும் மில்லர் வாசித்தது, யாரும் திருத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 17

தலைப்பிலிருந்து விலகிப் போகிறோம் என்று புகார். போகட்டும், கேட்ட கேள்விகளுக்குப் பதில்:

ஆமாம், 1967 முதல் தங்கிய ஹோட்டல் படுக்கை ஒவ்வொன்றையும் வரைந்து வைத்தார். ஆமாம், பழைய கார்கள் வாங்கினார், ஓட்டத் தெரியாது. உள்ளே உட்கார்ந்து இன்ஜின் சத்தம் கேட்பார். சூட்டெல்லாம் தையல்காரர்களுக்குப் பேர்போன லண்டன் சாவில் ரோ தெருவில் தைத்தது. டெவனில் மனைவி ஷெர்லியோடு அரேபியக் குதிரைகள் வளர்த்தார். ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டனிடம் வாசித்த சானி கிரீரின் டிரம் செட்டை வாங்கி வைத்திருந்தார். முதல் பதிப்புப் புத்தகங்களும் சேர்த்தார்; அவர் இறந்த பின் 2023இல் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனத்தில் அவை ஏலம் போயின.

ஷெர்லியை அவர் மணந்தது 1964 அக்டோபரில். பேண்டின் ஆட்களுக்குத் திருமணம் நடந்தால் ரசிகைகள் குறைவார்கள் என்று பயந்த காலம், அதனால் சொல்லாமல் செய்தார்கள். கடைசி வரை அந்த ஒரே மனைவிதான். சிற்பம் படித்த பெண். ராக் உலகத்தில் 56 வருடத் திருமணம் என்பதை டிரம்ஸைவிட அதிசயமாகப் பார்க்கிறவர்கள் உண்டு.

மார்ச் 22

ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: “அவருக்கு ராக் அவ்வளவாகப் பிடிக்காது, சுற்றுப்பயணம் பிடிக்காது, ரசிகைகள் கத்துவது பிடிக்காது. அப்புறம் எதற்கு 58 வருடம் இருந்தார்?”

நாலைந்து நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பயணம் முடியும்போதும் போதும் என்று சொல்வார், பிறகு கிளம்பிவிடுவார். பணம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் டிரம்மருக்கு வீட்டில் தனியாக வாசித்துப் பலன் இல்லை. பாடகர் தனியாகப் பாடலாம், கிட்டார்காரர் மொட்டைமாடியில் உட்கார்ந்து மீட்டலாம். டிரம்மருக்கு இன்னொருவர் வேண்டும். நான் குழுவை விட்டு வந்த பிறகு டிரம்ஸ் ஒரு அறையில் துணி மூடிக் கிடந்தது. தனியாக உட்கார்ந்து அடித்தால் கணக்குப் பாடம் போடுவதுபோல இருந்தது. தெருமுனைச் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவுக்கு ஆள் தேவை என்றார்கள், அன்றைக்குத்தான் கைக்கு மறுபடி உயிர் வந்தது. சார்லிக்குக் கீத்தின் கிட்டாரை விட்டுப் போக முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவர் ஜாஸை விட்டுவிடவும் இல்லை. 1980களின் நடுவில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து ஒரு பெரிய ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ரா அமைத்தார். 1991இல் ஐந்து பேர் குழுவோடு சார்லி பார்க்கருக்கு அஞ்சலியாக ஒரு தட்டு. லண்டன் ரானி ஸ்காட்ஸ் கிளப்பில் பத்துப் பேர் கொண்ட குழுவோடு வாசித்தது 2004இல் வெளிவந்தது. ஸ்டோன்ஸில் சம்பாதித்ததை ஜாஸ்காரர்களுக்குச் சம்பளமாகக் கொடுத்தார் என்று சொன்னால் தப்பில்லை.

மார்ச் 22, இரவு

ஆம்ஸ்டர்டாம் கதையைக் கேட்டவர்களுக்கு. 1984. கீத் சொன்னது இது. விடிகாலை, குடித்திருந்த மிக் ஜாகர் ஹோட்டலில் சார்லியின் அறைக்கு போன் போட்டு, என் டிரம்மர் எங்கே என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. சார்லி நின்றார்: சவரம் செய்து, சூட், டை, பளபளக்கும் ஷூ. உள்ளே வந்து மிக்கை ஒரு குத்து விட்டார். மேசையில் இருந்த சால்மன் மீன் தட்டின் மேல் மிக் விழுந்தார். இனி என்னை உன் டிரம்மர் என்று சொல்லாதே, என்றாராம் சார்லி.

இணையத்தில் இதை வீரக் கதையாகப் பரப்புகிறார்கள். சார்லிக்கு அதில் பெருமை இல்லை; குடித்திருக்காவிட்டால் செய்திருக்க மாட்டேன் என்று பின்னால் சொன்னார். அந்த வருடங்கள் அவருக்கு மோசமான வருடங்கள். இளமையில் பக்கத்தில் எல்லோரும் போதையில் விழுந்து கிடந்தபோது ஒதுங்கி இருந்தவர், நாற்பதைத் தாண்டிய பிறகு குடியிலும் ஹெராயினிலும் மாட்டினார். நிலவறைக்கு ஒயின் எடுக்கப் போய் விழுந்து கணுக்கால் எலும்பை உடைத்துக்கொண்டார். ரானி ஸ்காட்ஸில் ஜாஸ் நிகழ்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. வாசிக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் அவரை நிறுத்த வைத்தது. குடி, போதை, சிகரெட் எல்லாவற்றையும் அந்தக் காலகட்டத்தில் விட்டார். இருந்தும் 2004இல் தொண்டையில் புற்றுநோய் வந்தது. சிகிச்சை எடுத்துத் திரும்பி வந்து அடுத்த வருடமே உலகச் சுற்றுப்பயணம்.

மார்ச் 23

போன்ஹாமைப் பற்றிக் கடைசியாக ஒன்று. அவர் மகா கலைஞர், நான் பூஜிக்கிறவன். அவர் இறந்ததும் அவருடைய லெட் செப்பலின் பேண்டையே கலைத்துவிட்டார்கள், அதுதான் நியாயம். ஆனால் போன்ஹாமைத் தூக்கி ஸ்டோன்ஸில் உட்கார வைத்துப் பாருங்கள். கீத் ரிச்சர்ட்ஸ் இரண்டு நரம்பை மீட்டிவிட்டுச் சும்மா இருப்பார், அந்தச் சும்மாவில்தான் அவர் பாட்டு இருக்கிறது. போன்ஹாமின் பேஸ் டிரம் அந்த இடத்தை நிரப்பிவிடும். சார்லி நிரப்ப மாட்டார். அவர் சோலோவை வெறுத்ததும் இதோடு சேர்ந்ததுதான். நூறு மீட்டர் ஓட்டக்காரரையும் மாரத்தான் ஓட்டக்காரரையும் யார் பெரியவர் என்று கேட்பதில் எனக்கு ஆர்வமில்லை.

பில் வைமன் 1993இல் விலகியபோது புது பேஸ் கலைஞரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மிக்கும் கீத்தும் சார்லியிடமே விட்டார்கள். அவர் சொன்ன ஆள் டாரில் ஜோன்ஸ், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸிடம் வாசித்தவர். பேண்டில் சார்லியின் காதுக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

ஏப்ரல் 2

ஊருக்குப் போயிருந்தேன். இதற்குள் “இப்போது இருக்கும் டிரம்மர் சார்லியைவிட நன்றாக வாசிக்கிறார்” என்று ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கிறது.

நடந்தது இது. சார்லி ஸ்டோன்ஸோடு கடைசியாக மேடையேறியது 2019 ஆகஸ்ட் 30, மயாமி. 2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்து நிகழ்ச்சியில் நாலு பேரும் அவரவர் வீட்டிலிருந்து வாசித்தார்கள். சார்லியிடம் டிரம்ஸ் இல்லை. பெட்டிகளையும் சோபாக் கையையும் தட்டினார், முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. 2021 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், சிகிச்சைக்குப் பிறகு ஓய்வு தேவை, பயணத்துக்கு வரமாட்டார், ஸ்டீவ் ஜோர்டான் வாசிப்பார் என்று அறிவித்தார்கள். ஆகஸ்ட் 24 அன்று லண்டன் மருத்துவமனையில் இறந்தார். வயது 80. செப்டம்பர் 26, செயின்ட் லூயிஸ் மைதானத்தில் பயணம் தொடங்கியது: காலி மேடை, வெறும் டிரம்ஸ் ஒலி, திரையில் சார்லியின் படங்கள்.

ஸ்டீவ் ஜோர்டான் மிகப் பெரிய டிரம்மர், கீத்தின் பழைய கூட்டாளி, அந்த நாற்காலிக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. அவர் வாசிப்பதில் குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. பேண்ட் இப்போது இறுக்கமாக, உறுதியாக ஒலிக்கிறது. எனக்குப் பழைய தளர்ச்சி வேண்டும், அவ்வளவுதான். 2023இல் வந்த “ஹாக்னி டயமண்ட்ஸ்” இசைத்தட்டில் இரண்டு பாட்டில் சார்லி இருக்கிறார், 2019இல் பதிவு செய்து வைத்தவை: “மெஸ் இட் அப்”, “லிவ் பை தி ஸ்வார்ட்”. இரண்டாவதில் பில் வைமனும் வந்து வாசித்திருக்கிறார். மற்றப் பாட்டுகளோடு மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள். வித்தியாசம் காதில் விழும், யார் பெரியவர் என்ற சண்டைக்கு அவசியமே வராது.

ஏப்ரல் 5

முதல் கேள்வியைக் கேட்டவர், எங்கே தொடங்கினால் இதெல்லாம் தெரியும் என்று கேட்டிருக்கிறார். ஸ்டுடியோ தட்டு வேண்டாம். 1973 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸில் வாசித்த கச்சேரி, 2011இல்தான் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. மிக் டெய்லர் கிட்டார் உச்சத்தில் இருந்த காலம். அதில் “மிட்நைட் ராம்ப்ளர்” எடுங்கள். பாட்டு நடுவில் வேகம் இறங்கி, ஏறக்குறைய நின்றே போய், மறுபடி கிளம்பும். எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது என்று பாடகரும் கிட்டாரும் அந்தந்த நிமிடத்தில் முடிவு செய்வதுபோல இருக்கும், டிரம்ஸ் கூடவே இருக்கும். முதல் தடவை மிக் ஜாகரைக் கேளுங்கள், அடுத்து கீத்தை மட்டும், அதற்கடுத்து சார்லியை. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் டிரம் வரவே வராது.

அது பிடித்தால் 2004இன் ரானி ஸ்காட்ஸ் தட்டுக்குப் போகலாம். அவசரமில்லை.